இரவு இரண்டு மணிக்குப் பேத்தியை வாசலுக்கு இழுத்தவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பேத்தியின் மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் கன்றிப்போயிருந்தது. மகள் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தை என் முன் நீட்டினார். "இதுக்கு மேல எங்களால முடியாது. அம்மாவுக்கு என் பொண்ணைக் கண்டாலே ஆகல" என்றார். பக்கத்து நாற்காலியில் அவருடைய அம்மா கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

76 வயது. கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து 4 ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு மகள் வீட்டில் இருக்கிறார். இந்த ஆய்வு முழுவதும் அவரை ஆசிரியை என்றே குறிப்பிடுகிறேன். குடும்பத்தை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் நாங்கள் செய்த தவறுகளையும் மாற்றவில்லை.

வந்த காரணம்

ஏறக்குறைய 3 ஆண்டுகளாகவே மறதி இருந்தது. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, கைப்பையை எங்கோ வைத்துவிட்டு யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது, மாத்திரை சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பது. இதையெல்லாம் குடும்பம் பொறுத்துக்கொண்டது. கடந்த 2 மாதங்களாக வேறொன்று தொடங்கியிருந்தது. இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எழுந்திருப்பார். 8 வயதுப் பேத்தி தூங்கும் கட்டிலுக்குப் போவார். ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையின் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துப் போவார். தடுத்தால் அடிப்பார். காலையில் எதுவும் நினைவிருக்காது.

முன்பு பார்த்த மருத்துவமனையில், மறதிநோய் முற்றும்போது முரட்டுத்தனம் வரும், இரவில் அறையை வெளியிலிருந்து பூட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பூட்டிய முதல் இரவு அவர் கதவை நகத்தால் பிறாண்டி இரண்டு விரல்களில் ரத்தம் வரவைத்துக்கொண்டார். இரண்டாவது இரவு மகளால் தாங்க முடியாமல் கதவைத் திறந்தார். ஆசிரியை மகளைத் தள்ளிவிட்டு நேராகப் பேத்தியிடம் ஓடினார். மணிக்கட்டுக் காயம் அன்றைக்கு வந்ததுதான்.

பூட்டச் சொல்வது எளிது. மறதிநோய் உள்ள ஒருவரை இரவில் அறைக்குள் வைத்துப் பூட்டுவது யாருக்கும் பாதுகாப்பானதல்ல. இவரைப் பொறுத்தவரை அதைவிடக் கொடுமையான ஒன்றைச் செய்திருக்கவே முடியாது. அது எங்களுக்குத் தெரிய இன்னும் மூன்று வாரங்கள் ஆயின.

முதலில் விலக்க வேண்டியவை

முதியவர் ஒருவரின் நடத்தை சில வாரங்களில் சட்டென்று மாறினால் மனத்தைத் தேடுவதற்கு முன் உடலைத் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, தைராய்டு, வைட்டமின் பி12, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து, எதுவும் டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பத்தைக் கொண்டுவரலாம். ரத்தமும் சிறுநீரும் சரியாக இருந்தன. பகலில் கவனம் சிதறவில்லை, மணிக்கு மணி நிலை மாறவுமில்லை.

மருந்துப் பட்டியலில் ஒன்று சிக்கியது. தூக்கம் வரட்டும் என்று மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிய, ஒவ்வாமைக்கான பழைய வகை மாத்திரை. மூளையில் அசிட்டைல்கோலின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்சைமரில் ஏற்கெனவே குறைந்துகொண்டிருப்பது அதே வேதிப்பொருள்தான். அதை நிறுத்தச் சொன்னோம்.

லூயி உடல் மறதிநோய் என்ற இன்னொரு வகையையும் யோசித்தேன். அதில் கனவில் வருவதைக் கை கால் வீசி நடித்துக்காட்டும் தூக்கக் கோளாறு உண்டு, இல்லாத உருவங்களும் தெரியும். ஆனால் ஆசிரியைக்கு நடையிலோ தசையிலோ விறைப்பு இல்லை. இரவில் அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போவார், தாழ்ப்பாளைச் சரியாக நீக்குவார். கனவுக்குள் இருப்பவரின் நடை அது இல்லை.

நினைவு, கவனம் போன்றவற்றை அளக்க ஃபோல்ஸ்டீன் குழுவினர் 1975இல் வெளியிட்ட 30 மதிப்பெண் பரிசோதனையில் 19 எடுத்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் முடித்தார், கணித ஆசிரியை அல்லவா. சொல்லிவைத்த மூன்று சொற்களில் ஒன்றுகூட ஐந்து நிமிடம் கழித்து வரவில்லை. குறிப்புக் கொடுத்தும் வரவில்லை. மனச்சோர்வால் வரும் மறதியில் குறிப்புக் கொடுத்தால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். குறிப்பும் உதவாதபோது, அந்தச் சொல் உள்ளே பதியவே இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் இரு பக்கமும் சுருங்கியிருந்தது. நடுத்தர நிலையை நெருங்கும் அல்சைமர் என்பதில் நரம்பியல் மருத்துவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் அல்சைமர் என்ற சொல், ஏன் அந்தக் குழந்தை, ஏன் வாசல், ஏன் இரண்டு மாதங்களாக மட்டும் என்பதற்குப் பதில் சொல்லவில்லை.

குடும்பம் சொன்ன கதை

மகளுக்கு 48 வயது. வேலைக்குப் போய்க்கொண்டே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். ஆசிரியையின் மகன், இவருடைய தம்பி, வேறு ஊரில். ஆண்டுக்கு இருமுறை வருவார், வரும்போதெல்லாம் அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், அக்காதான் பெரிதுபடுத்துகிறாள் என்பார். கவனிப்பாளர் சுமையை அளக்கும் ஸாரிட் வினாப்பட்டியலில் 22 கேள்விகள் உண்டு, உச்ச மதிப்பெண் 88. மகள் 57 எடுத்தார். "உங்களுக்கு உதவ வேறு யாராவது இருக்கிறார்களா?" என்றதும் அழுதுவிட்டார்.

அழுகை அடங்கியதும் வந்தது கோபம். அது இன்றைய கோபம் மட்டும் இல்லை. "சின்ன வயசுலயும் எங்களை மூச்சுவிட விடமாட்டாங்க. தனி ரூம் கிடையாது. பத்தாவது படிக்கிறவரைக்கும் அம்மா பக்கத்துலதான் படுக்கணும். உள்ள தாழ்ப்பாள் போட்டா அடி விழும். கரன்ட் போனா ஒரு மெழுகுவத்தி ஏத்த விடமாட்டாங்க, இருட்டுலயே உக்காந்திருப்போம். பிறந்தநாளைக்குக்கூட ஏத்தினது கிடையாது. கேட்டா பதில் வராது."

நான் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போது, கட்டுப்பாடு மிகுந்த தாய், அடக்கிய மகள் கோபம் என்றுதான் ஓரத்தில் குறித்தேன். தாழ்ப்பாள், மெழுகுவர்த்தி, ஒரே அறையில் தூக்கம். மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தன. எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தை இன்றும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன்.

ஆசிரியையிடமும் தனியாகப் பேசினேன். இரவில் பேத்தியை எங்கே கூட்டிப் போனீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். "நான் ஏன் கூட்டிட்டுப் போகணும்? குட்டி தூங்குறா. சத்தம் போடாதீங்க" என்றார். சொல்லும்போது வலது உள்ளங்கையை இடது கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பேத்தியை அந்த வீட்டில் யாரும் குட்டி என்று கூப்பிடுவதில்லை என்று மகள் பிறகு சொன்னார்.

தொலைபேசியில் கிடைத்தது

ஆசிரியையின் இளமைக்காலத்தை அறிந்தவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். 82 வயது அண்ணன். மகள் தயங்கித் தயங்கி அழைத்தார், ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினோம். "மாமா, குட்டின்னா யாரு?" என்று மகள் கேட்டதும் எதிர்ப்பக்கம் வெகுநேரம் அமைதி.

ஆசிரியைக்கு 11 வயது, தங்கைக்கு 7. இருவரும் ஒரே கட்டிலில் படுத்திருந்த இரவில் வீடு தீப்பிடித்தது. அக்கா தங்கையை உலுக்கி எழுப்பிவிட்டு வெளியே ஓடினாள், பின்னால் வருகிறாள் என்று நினைத்து. தங்கை வரவில்லை. உள்ளேயே இருந்த இன்னொரு கதவுக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். தாழ்ப்பாள் விழுந்திருந்தது.

"எங்க அப்பா அன்னைக்கு அவகிட்ட ஒண்ணுதான் கேட்டார். நீ அவ கையைப் பிடிக்கலையா? அவ்வளவுதான். அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசினதே இல்ல. அவ வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னுகூட எனக்குத் தெரியாது" என்றார் அண்ணன்.

65 ஆண்டுகள். மகள் தொலைபேசியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் முதலில் கேட்டது, "அப்ப மெழுகுவத்தி?" என்பது.

ஏன் இப்போது

மறதிநோயில் அண்மை நினைவு முதலில் போகும், பழையது நீண்ட நாள் நிற்கும் என்பதைப் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881இலேயே எழுதிவிட்டார். அதனால் மட்டும் இது விளங்கிவிடாது. ஒரு நிகழ்வுக்கு இது எப்போது, எங்கே நடந்தது என்ற முத்திரையைக் குத்துவதில் ஹிப்போகாம்பஸுக்குப் பெரும் பங்கு உண்டு. மூளையின் முன்பகுதி, எழுந்து வரும் அச்சத்தைப் பார்த்து, அது அன்றைக்கு, இது இன்றைக்கு என்று சொல்லி அடக்குகிறது. ஆசிரியை தன் வாழ்நாளில் அந்த அடக்குதலை எவ்வளவு கவனமாகச் செய்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். வேலை, வகுப்பு, வீடு, கணவர் என்று பிடித்துக்கொள்ள இருந்தவை ஒவ்வொன்றாகப் போயின. பிறகு அடக்கும் உறுப்பே தளர்ந்தது.

கதை மறந்தாலும் உணர்ச்சி தங்கும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1911இல் சுவிஸ் உளவியலாளர் கிளாப்பரேட், புதிய நினைவு பதியாத ஒரு பெண்ணுடன் கைகுலுக்கும்போது உள்ளங்கையில் ஊசியை மறைத்துக் குத்தினார். பிறகு அந்தப் பெண்ணுக்குக் குத்தியது நினைவில்லை, ஆனால் கை கொடுக்க மறுத்தார். நூறு ஆண்டு கழித்து அயோவா பல்கலைக்கழகத்தில் ஃபைன்ஸ்டீன் குழுவினர் ஹிப்போகாம்பஸ் பழுதான ஐவருக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். காட்சி மறந்தது, சோகம் மறையவில்லை. அதே முறையை அல்சைமர் உள்ள 17 பேரிடம் செய்து 2014இல் வெளியிட்டார்கள், அதுவும் அப்படியே இருந்தது. "காலையில அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, அதனால பாதிப்பும் இல்ல" என்று மகன் சொன்னபோது இந்த ஆய்வைத்தான் அவருக்கு விளக்கினேன்.

ஒரு கேள்வியை மகள் பலமுறை கேட்டார். அந்தத் தீயால்தான் அம்மாவுக்கு இந்த நோய் வந்ததா? இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆம் என்றும் சொல்லக் கூடாது. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 1,81,093 பேரை ஏறக்குறைய 7 ஆண்டுகள் பின்தொடர்ந்து யாஃபி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு உள்ளவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கும் இல்லாதவர்களில் 6.6 விழுக்காட்டினருக்கும் மறதிநோய் வந்தது. தொடர்பு உண்மையானது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஆண்கள், படைவீரர்கள். சிறுவயதுத் துயரம் ஒன்றைச் சுமந்த ஒரு பெண்ணின் மூளையைப் பற்றி அந்த எண் முடிவு சொல்லாது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. சிறுவயதுப் பாதிப்புகளையும் பிற்கால உடல்நலத்தையும் இணைத்துப் பேசவைத்தது அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் அண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு. அதன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அதில் எண்ணப்பட்ட 7 வகைகளில் வன்முறை, குடி, மனநோய், சிறை என்று இருக்கும். தீயும் கிடையாது, உடன்பிறந்தவரின் சாவும் கிடையாது. அந்தப் பட்டியலை ஆசிரியையிடம் நீட்டியிருந்தால் பூஜ்யம் வந்திருக்கலாம். பட்டியலை நிரப்பிவிட்டுப் பழைய அதிர்ச்சி ஏதுமில்லை என்று எழுதும் பழக்கம் எங்களிடையே உண்டு, நானும் எழுதியிருக்கிறேன்.

ஆரஞ்சு விளக்கு

ஏன் இரண்டு மாதங்களாக மட்டும் என்பதற்குப் பதில் வீட்டுக்குப் போனபோது கிடைத்தது. பகலில் ஒன்றும் புலப்படவில்லை. விளக்கணைத்துப் படுக்கும் நேரம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றேன். சன்னல்களை மூடி, விளக்குகளை அணைத்தார்கள். நடைவழியின் தரையோரத்தில் ஒரு சிறு விளக்கு தானாக எரியத் தொடங்கியது. ஆரஞ்சு வெளிச்சம். ஆசிரியையின் கட்டிலிலிருந்து பார்த்தால் கதவின் அடி இடுக்கு வழியாக அது மட்டும் தெரியும்.

இரவில் தடுக்கி விழக் கூடாது என்று மகள் வாங்கிப் பொருத்தியது. எப்போது என்று கேட்டேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு. அம்மாவின் மீதுள்ள அக்கறையில் வாங்கிய பொருள். அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறியதை நான் எழுதாமல் இருக்க முடியாது. உங்கள் மேல் தவறில்லை என்று சொன்னேன். அந்தச் சொல் அவரை எட்டவில்லை.

அதே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினோம். ஆரஞ்சு விளக்குக்குப் பதில் உயரத்தில் வெள்ளை விளக்கு. பூட்டு அகற்றப்பட்டது. தூக்க மாத்திரை ஏற்கெனவே நின்றிருந்தது. பேத்தி பெற்றோரின் அறைக்கு மாறினாள். முதல் இரண்டு வாரக் குறிப்பில் 14 இரவுகளில் 9 இரவு எழுந்திருந்தார், அடுத்த 14இல் 3. எது உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆய்வு முறை சொல்லும். குழந்தையின் கையில் காயம் இருக்கும்போது அதற்குக் காத்திருக்க நான் தயாராக இல்லை. பிறகு ஒருமுறை மகன் வந்திருந்தபோது, அலமாரியில் கிடந்த பழைய விளக்கை நல்லெண்ணத்தோடு மறுபடி பொருத்திவிட்டார். அன்று இரவு ஆசிரியை எழுந்தார், பேத்தியைத் தேடி வீடு முழுக்க ஓடினார். ஒரே ஒரு இரவு எதையும் நிறுவாது. ஆனால் அன்றிலிருந்து மகன் அக்கா பெரிதுபடுத்துகிறாள் என்று சொல்வதை விட்டுவிட்டார்.

என்ன செய்தோம்

குடும்பம் கேட்டது அமைதிப்படுத்தும் மாத்திரை. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனப்பிறழ்வு மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. வேறு வழி இல்லாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு அவை தேவைப்படலாம். இங்கே வேறு வழி இருந்தது.

மனவடுவுக்கு வழக்கமாகத் தரும் சிகிச்சையில் நிகழ்வை மீண்டும் மீண்டும் சொல்லச் செய்து அதன் வீரியத்தைக் குறைப்போம். அதற்கு, இன்று பேசி ஆறியது நாளைக்கும் நினைவில் நிற்க வேண்டும். ஆசிரியைக்கு நிற்காது. ஒவ்வொரு முறையும் வலி மட்டும் புதிதாக இருக்கும். எனவே அவரிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். சிகிச்சை முழுவதும் சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில்தான் இருந்தது. எழுந்தால் தடுக்காதீர்கள், கூடவே வாசல் வரை போங்கள், கதவைத் திறந்து வெளியே நில்லுங்கள், காற்று படட்டும், எல்லாரும் வெளியே வந்தாச்சு என்று சொல்லுங்கள், பிறகு கை பிடித்துக் கூட்டி வாருங்கள். மாலையில் எல்லா மின் பொத்தான்களையும் அணைத்துச் சரிபார்க்கும் வேலையை ஆசிரியையிடமே கொடுத்தோம். மகள் கூடவே போவார். ஆசிரியை ஒவ்வொன்றாக எண்ணுவார். எண்ணுவதில் அவர் இன்னும் தவறுவதில்லை.

பேத்தியிடம் பேசியதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பாட்டிக்கு உன்னைப் போல ஒரு தங்கை இருந்தாள், ஒரு நாள் தீயில் இறந்துபோனாள், பாட்டியின் மூளை சில இரவுகளில் அந்த நாளையும் இன்றையும் குழப்பிக்கொள்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப என்னைக் காப்பாத்தத்தான் இழுத்தாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். வலித்தது உண்மைதான், பயந்ததும் உண்மைதான், மறுபடி நடந்தால் அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

மகளுக்கென்று தனியாக 6 அமர்வுகள். கவனிப்பாளரின் உடல் இதில் எவ்வளவு தேய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் கீகோல்ட் கிளேசர் 1995இல் எளிமையாகக் காட்டினார். மறதிநோயாளியைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், அவர்களுக்கு ஒப்பான 13 பெண்களுக்கும் ஒரே அளவில் சிறு காயம் உண்டாக்கப்பட்டது. கவனிப்பவர்களுக்கு ஆற 48.7 நாட்கள், மற்றவர்களுக்கு 39.3. இதை மகனிடம் சொன்னோம். வாரத்தில் இரண்டு இரவுகளுக்கு ஆள் வைக்கும் செலவை அவர் ஏற்றார். கணவன் அல்லது மனைவியைக் கவனிக்கும் 406 பேரிடம் மிட்டல்மன் நியூயார்க்கில் செய்த ஆய்வில், குடும்பத்தையும் சேர்த்து நடத்திய ஆலோசனையால் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது இடைநிலைக் கணக்கில் 557 நாட்கள் தள்ளிப்போனது. அந்தத் திட்டத்திலும் குடும்ப அமர்வுகளோடு, நினைத்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கும் வசதி இருந்தது. அதை நாங்களும் வைத்துக்கொண்டோம்.

மகளின் கோபம் தீர்ந்துவிட்டதாக நான் எழுதப் போவதில்லை. அது இடம் மாறியது. "எங்களை ஏன் அப்படி வளர்த்தாங்கன்னு இப்பப் புரியுது. ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா நான் அம்மாகிட்ட வேற மாதிரி இருந்திருப்பேன். இப்பப் போய் யார்கிட்ட சண்டை போடுறது?" என்று நான்காவது அமர்வில் கேட்டார். பதில் சொல்ல நான் முயலவில்லை.

பத்தாவது மாதம்

பரிசோதனை மதிப்பெண் 15க்கு இறங்கியிருக்கிறது. மகளைப் பல நேரம் அக்கா என்கிறார். இரவில் எழுவது மாதத்துக்கு ஓரிரு முறை, இழுப்பதும் அடிப்பதும் நின்றுவிட்டன. ஆனால் வாசலில் நிற்கும்போது இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார். "குட்டி வந்துட்டாளா?" என்று கேட்கிறார்.

என்ன பதில் சொல்வது என்பதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. இறந்துவிட்டாள் என்றால் அந்தச் செய்தியை அவர் ஒவ்வொரு முறையும் முதன்முறையாகக் கேட்பார். வந்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்றேன் நான். மகள் மறுத்தார். வாழ்நாள் முழுக்க இந்த வீட்டில் இதைப் பற்றி யாரும் உண்மை பேசவில்லை, நானும் பொய் சொல்ல மாட்டேன் என்றார். ஒரு வாரம் கழித்து அழைத்தார். முந்தைய இரவு அம்மா கேட்டபோது பேத்தியும் விழித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாளாம். மகள் குழந்தையை முன்னால் நிறுத்தி, "நீதான்மா கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்த. பாரு" என்றிருக்கிறார்.

ஆசிரியை பேத்தியின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தூங்கப் போகலாமா என்று கேட்டார்.